வடக்கு இல்லாத படம்

தண்ணீரூற்று,
முள்ளியவளை.
12.02.2025

அன்புள்ள தம்பி கிருசாந்தனுக்கு,

நானும் மகள் யதுர்ஷிகாவும் சுகம். நீயும் ஹூஸ்டனில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு நித்திரைகொண்டு சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை. இருக்கமாட்டாய் என்று தெரியும்.

இந்தக் கடிதத்தைக் கண்டவுடன் போன் எடுக்காதே. அப்பாவின் செத்தவீட்டன்று, "கிட்டக் காட்டு, இன்னும் கிட்டக் காட்டு, கை நடுங்காமப் பிடி" என்று நீ அங்கேயிருந்து கத்த, நான் போனைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அன்றைக்கே விளங்கிவிட்டது. நாங்கள் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை. கடிதத்தில் சண்டை தொடங்க இருபது நாள் பிடிக்கும். அதற்குள் ஒருவருக்காவது கோபம் ஆறிவிடும்.

விசயம் இதுதான். மருதடிக் குளத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் நாலு ஏக்கர் வயலுக்கும், அதன் ஓரத்தில் நான் இருக்கிற இந்தத் தகரக் கூரை வீட்டுக்கும் அரசாங்கக் காணிப் பெர்மிற் எடுக்க விண்ணப்பித்திருந்தேன் அல்லவா? அதை மறித்து ஒருவர் பெட்டிசம் கொடுத்திருக்கிறார். பாத்தும்மா என்று பெயர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்படும்வரை அந்த வயலைத் தானும் தன் புருசன் ஜெமீலும் செய்ததாகச் சொல்கிறா. ஜெமீல் புத்தளத்தில் அகதியாக இருந்து அங்கேயே இறந்துபோனாராம். இப்போது மகன் றிஸ்வானோடு திரும்பி வந்திருக்கிறா, அவன் இங்கே ஒரு கடை போட்டிருக்கிறான்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்தது தொண்ணூற்றிரண்டு தையில். அப்போது அது வெறுங்காடு, தன் கையால் வெட்டித் திருத்தினது என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. அப்பா நல்லதம்பி காடு வெட்டின கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பிரதேச செயலகத்தில் அத்தாட்சி கேட்கிறார்கள். தொண்ணூறுக்கு முதல் அந்த இடம் வயலாக இருந்தால் அவர்களுடையது, காடாக இருந்தால் எங்களுடையது. வெட்டின காட்டுக்கு யார் ரசீது வைத்திருப்பார்? எங்கள் கடதாசிகள் இரண்டாயிரத்து ஒன்பது சண்டையில் போயின. அவர்களுடையவை தொண்ணூறிலேயே போய்விட்டன.

அடுத்த விசாரணை மே இருபத்தேழாம் திகதி. பெர்மிற் வந்தால்தான் கல்வீடு, கல்வீடு வந்தால்தான் கலியாணம் என்று யதுவைப் பேசியிருக்கிற விசுவமடுப் பெடியன் சதீஸின் தாய் சொல்லிவிட்டா. எனக்கு இருந்தால் எழும்பவேண்டும் போல் இருக்கிறது, எழும்பினால் எங்கே போகவென்று தெரியவில்லை. முற்றத்தை ஒரு நாளில் மூன்று தரம் கூட்டுகிறேன்.

உன்னிடம் உதவி கேட்டு எழுதவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை, அதுதான்.

அன்பு அக்கா,
கௌசலா


ஹூஸ்டன்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்து நாலு தரம் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

செத்தவீட்டன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். எனக்கு விசாப் பிரச்சினை, வரமுடியாமல் போனது. தூரத்தில் இருக்கிறதைக் கிட்டக் கொண்டுவருகிறதுதான் என் தொழில். அப்பாவின் முகத்தை மட்டும் கொண்டுவர முடியவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. "கமரா துடைக்கிறான்" என்று ஊரில் சொல்லியிருப்பீர்கள். அதுவும் உண்மைதான். விண்வெளி நிலையத்துக்குப் போகிற கமராக்களும் லென்ஸுகளும் முதலில் எங்கள் பட்டறைக்கு வரும். ஒரு லென்ஸ் என் முழங்கையில் இருந்து விரல்நுனி வரை நீளம், ஒரு கைக்குழந்தையின் பாரம். அங்கே போனால் பாரமே இல்லை, ஒற்றை விரலால் தள்ளிவிடலாம். மிதந்து போகாமல் சுவரில் ஒட்டிவைக்க அதில் ஒட்டுப்பட்டி தைக்கிறதும் நாங்கள்தான். வெளியே நடக்கப் போகிறவர்களின் கமராவுக்கு வெயிலும் குளிரும் தாங்கும் வெள்ளை உறை போட்டு, தடித்த கையுறையோடு அமுக்கப் பெரிய பொத்தான் வைப்போம். உள்ளே இருக்கிற கிறீஸைக்கூட மாற்றவேண்டும். சாதாரண கிறீஸ் காற்றில்லாத இடத்தில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துவிடும். இத்தனை பாடுபட்டு அனுப்பினாலும், அங்கேயிருக்கிற கதிர்கள் பட்டுப் பட்டுக் கொஞ்ச நாளில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழத்தொடங்கும். பிறகு குப்பையோடு குப்பையாக வானத்திலேயே எரிந்து போகும். நான் துடைத்த லென்ஸுகளில் அநேகமானவை திரும்பி வரவில்லை.

என் ஒப்பந்தம் செப்டெம்பரோடு முடிகிறது. நீடிப்பார்களோ தெரியாது. இரண்டு வருடத்தில் மூன்று அறை மாறிவிட்டேன். எந்த அறையிலும் பெட்டியை முழுதாகத் திறக்கவில்லை.

அதை விடுங்கள், ஒரு யோசனை சொல்கிறேன். விண்வெளி வீரர்கள் எடுத்த படங்களை எல்லாம் யாரும் பார்க்கலாம், காசில்லை. எண்பதுகளில் விண்ணோடத்தில் போனவர்கள் சதுரப் பிலிமில் எடுத்த படங்கள்கூட இருக்கின்றன. வயல் வெளிறித் தெரியும், காடு கறுத்துத் தெரியும். தொண்ணூறுக்கு முதல் யாராவது ஒருவன் முல்லைத்தீவுக்கு மேலே போகும்போது கமராவை எடுத்திருந்தால் போதும். அப்பாவின் காட்டை நான் அந்த அதிகாரிக்குக் காட்டுகிறேன்.

அன்புடன் தம்பி,
கிருசாந்தன்


தண்ணீரூற்று
02.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வேலையைப் பற்றி யதுவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா கமரா துடைக்கிறார் எண்டு இனிச் சொல்லாதேங்கோ அம்மா" என்று என்னைப் பேசினாள்.

ஆனால் அந்தப் படம் தேடுகிற வேலை வேண்டாம். அத்தனை உயரத்தில் பறக்கிறவனுக்கு எங்கள் நாலு ஏக்கர்தானா கண்ணில் படப்போகிறது? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும். அப்பாவைத் தெரிந்த நாலு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று எங்கள் ஊர் விதானையாரும் சொல்கிறார். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் மேலதிகாரிகள் பார்க்க ஊர்க் காணியைத் தேடிக்கொண்டு இராதே. உன் வேலையைப் பார், வேளைக்குச் சாப்பிடு.

இங்கே வெயில் கொளுத்துகிறது. குளம் பாதிக்கு வற்றிவிட்டது. இந்த முறை சிறுபோகம் முழுதாக விதைக்க முடியாது, இரண்டு ஏக்கர்தான்.

திரும்பவும் எழுதுகிறேன், தேடாதே.

அக்கா,
கௌசலா


ஹூஸ்டன்
21.04.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் "தேடாதே" வந்து சேர முதலே நான் தேடிப் பிடித்துவிட்டேன்! இந்த உறைக்குள் இருக்கிற படத்தை முதலில் எடுத்துப் பாருங்கள், பிறகு கடிதத்தை வாசியுங்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம், எங்கள் நேரம் காலை ஒன்பது மணி. யாரோ ஒருவன் விண்ணோடத்தின் யன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, கையளவு அகலப் பிலிமில், இருநூற்றைம்பது மில்லிமீற்றர் லென்ஸால் எடுத்திருக்கிறான். அவன் எடுக்க நினைத்தது கடலில் திரண்ட மேகத்தை. படத்தில் முக்கால்வாசி மேகம்தான். மிச்சக் கால்வாசியில் நாங்கள் அகப்பட்டிருக்கிறோம்.

மூன்று கிழமை, வேலை முடிந்து வந்து இரவு இரவாகக் கணினித் திரையில் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். மருதடிக் குளத்தைக் கண்டபோது கதிரையில் இருக்க முடியவில்லை, எழும்பி அறைக்குள் நடந்தேன். ஒரு பயற்றங்காய் விதையளவுதான். அதை மட்டும் வெட்டியெடுத்துப் பெருப்பித்து, தாளில் அச்சடித்து, ஓரத்தில் வடக்குக்கு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன்.

பாருங்கள் அக்கா. குளத்துக்குக் கிழக்கே வெளிறி ஒரு வெட்டை. அது யாருடைய வயலோ. மேற்கே? கறுப்பு. முழுக் கறுப்பு. அப்பா சொன்ன அதே காடு. அவர் உயிரோடு இருக்கும்போது நான் பக்கத்தில் இருந்து ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்ததில்லை. இதையாவது செய்தேனே. உங்களுக்குச் சொல்ல வெட்கம், நான் அழுதுவிட்டேன்.

தம்பி,
கிருசாந்தன்


தண்ணீரூற்று
30.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் படம் வென்றுவிட்டது. இருபத்தேழாம் திகதி விசாரணையில் அதை மேசையில் வைத்தபோது வேறு வேலையாக வந்திருந்த சனமெல்லாம் சுற்றிக் கூடிவிட்டது. "சந்திரனுக்குப் போற ஆக்கள் எடுத்த படமாம்" என்று ஒருவர் வெளியே போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். விதானையார் மட்டும் குளத்தின் வடிவம் கொஞ்சம் பிசகாக இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் குளம் தூர்ந்திருக்கவில்லை, அதுதான் வித்தியாசம் என்று அதிகாரி விளக்கம் சொன்னார்.

அதிகாரி நல்ல மனிசன். பாத்தும்மாவைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, படத்தைக் காட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உங்கட வயல் குளத்துக்குக் கிழக்கால இருந்திருக்கும் அம்மா. இவ்வளவு வருசத்துக்குப் பிறகு வந்தா திசை பிசகித்தான் தெரியும்."

அவா படத்தை நெடுநேரம் பார்த்தா.

"கிழக்காலயோ? காலையில குளக்கட்டால வயலுக்குப் போகேக்க வெயில் முதுகில சுடும். அவர் முன்னால போவார், எண்ட நிழல் அவர்ட காலடியில விழும். மிதிக்கக்கூடாதெண்டு தள்ளித் தள்ளி நடப்பார். அப்பிடித்தான் எனக்கு ஞாபகம்."

றிஸ்வான் குனிந்து, "உம்மா, படம் பொய் சொல்லுமா?" என்று கேட்டான்.

"இல்ல மகன். எனக்குத்தான் மூளை பிசகிப்போச்சு போல" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "குறை நினைக்காதேங்கோ மகள், வயசு போயிட்டுது" என்றா. என்னிடம் மன்னிப்புக் கேட்டா தம்பி.

பெர்மிற் செப்டெம்பரில் கையெழுத்தாகும் என்றார்கள். சதீஸின் தாய் அன்றைக்குப் பின்னேரமே வாழைப்பழமும் கற்கண்டும் கொண்டு வந்தா. சந்தோசமாகத்தான் இருக்கிறேன். ஆனால் முற்றத்தை இன்னும் மூன்று தரம்தான் கூட்டுகிறேன். உன் படத்தை முதலில் பார்த்தபோது என் தலையில் இருந்து ஒரு சுமை இறங்கியது போல இருந்தது. சின்னவயதில் நான் கண்டதாக நினைத்துக்கொண்டிருந்த சிலதெல்லாம் வெறும் கனவோ என்று யோசித்தேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகிறது. உன் பேரில் அர்ச்சனை செய்கிறேன்.

அக்கா,
கௌசலா


ஹூஸ்டன்
20.06.2025

அக்கா,

எப்படித் தொடங்கவென்று தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டேன்.

பாத்தும்மா சொன்ன முதுகு வெயிலை வாசித்துவிட்டு, பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் படத்தைத் திரும்ப எடுத்தேன். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேகம் இருக்கிறதல்லவா? அதன் நிழலும் தரையில் விழுந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு எடுத்த படம். சூரியன் கிழக்கே. நிழல் மேற்கே விழவேண்டும். நான் போட்ட அம்புக்குறியின்படி பார்த்தால் அது கிழக்கே விழுந்திருக்கிறது. உலகத்தில் எந்தக் காலையிலும் அப்படி விழாது.

படம் தலைகீழ் அக்கா.

அங்கே மிதக்கிறவனுக்கு மேல் கீழ் இல்லை. கமராவை எப்படி வாய்க்கிறதோ அப்படிப் பிடித்துத்தான் அமுக்குவான். சதுரப் பிலிமுக்குத் தலைமாடு கால்மாடும் இல்லை. நான் தேடும்போது திரையில் சரியாகத் திருப்பித்தான் குளத்தைக் கண்டுபிடித்தேன். விதையளவுக் குளத்தைச் சுற்றி எது காடு எது வயல் என்று அப்போது தெரியவில்லை. அந்தத் திருப்பம் திரையில் மட்டும்தான். அச்சடிக்க மூலப்படத்தில் இருந்து வெட்டியபோது அது பழையபடியே வந்துவிட்டது. கடலும் கரையும் வெட்டுப்பட்டுப் போனதால் நான் கவனிக்கவில்லை. மேலே இருக்கிறதெல்லாம் வடக்கு என்ற பள்ளிக்கூடப் புத்தியில் அம்புக்குறி போட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்கிற பிழையா இது?

சரியான படத்தை இதோடு வைத்திருக்கிறேன். குளத்துக்குக் கிழக்கேதான் காடு. மேற்கே, நீங்கள் இருக்கிற இடத்தில், எண்பத்தொன்பதில் வயல்.

அப்பா பொய் சொல்லமாட்டார். இதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும். வந்தபோது எனக்கு ஏழு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. உங்களுக்குப் பதினாலு. நீங்கள் கண்ணால் கண்டீர்கள். அங்கே காடு இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், நான் நிம்மதியாகப் படுக்கிறேன்.

தம்பி


தண்ணீரூற்று
13.07.2025

தம்பி,

தேடாதே என்று எழுதினேனே. ஒருமுறையா, இரண்டு தரம் எழுதினேன். படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேளாத காது உனக்கு. பிழையாகத் தேடினாய், சரி, அதோடு விட்டிருக்கக்கூடாதா? நிழலைப் பார் என்று உன்னிடம் யார் சொன்னது? உன் கடிதத்தை அடுப்புக்குள் போடக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்து வந்தேன்.

ஒரு வரி கேட்டாய். எழுதுகிறேன்.

அங்கே காடு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் செய்யாமல் விட்ட வயல் இருந்தது. வரம்பெல்லாம் அப்படியே இருந்தது, மேலே நாயுருவியும் எருக்கலையும் முளைத்திருந்தது. அப்பா வெட்டியது அந்தப் பற்றையைத்தான். கை கொப்பளிக்க வெட்டினார், அதில் பொய் இல்லை. "அவை இனி வரமாட்டினம், செய்யுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். பிச்சைக்காரரைப் போல வந்திருந்தோம், நீ பசியில் மண் தின்றுகொண்டிருந்தாய், அவரும் செய்தார். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை கிணற்றில் இருக்கிறது. கிணறு அங்கே ஏற்கெனவே இருந்தது. கட்டின கிணறு. உள்கட்டில் விரலால் கீறி, "ஜெமீல் 1974" என்று எழுதியிருந்தது. அப்பா கயிற்றில் இறங்கி அதன்மேல் சீமெந்து பூசினார். மேலே நின்று சீமெந்து குழைத்து வாளியில் இறக்கிக் கொடுத்தது நான். ஏறி வந்து, "பிள்ளை, இது நான் தோண்டின கிணறு. விளங்குதோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். அவ்வளவுதான். முப்பத்துமூன்று வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் புதைத்து வைத்துக்கொண்டு, அதே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பிழையான படம் வந்தபோது ஏன் சந்தோசப்பட்டேன் என்று இப்போது விளங்குகிறதா? சீமெந்து குழைத்தது நானில்லை, அது கனவு என்று வானத்தில் இருந்து ஒருவன் சொன்னது போல இருந்தது.

இன்னொன்றும் கேள். விசாரணை முடிந்த பிறகு பாத்தும்மா தினம் பின்னேரம் குளத்துக்குக் கிழக்கே இருக்கிற பற்றைக்குள் போகிறா. கையில் ஒரு தடி. நிலத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறா. ஒருநாள் வற்றின குளத்தைக் கடந்து போய், என்ன தேடுகிறா என்று றிஸ்வானிடம் கேட்டேன்.

"கிணத்தைத் தேடுறா. வாப்பா தோண்டின கிணறு இங்கதான் எங்கேயோ இருக்கோணுமாம். பாம்புப் புத்து எல்லாம் இருக்கு, சொன்னாக் கேக்கிறா இல்ல. இல்லாத கிணத்தை எத்தின நாளைக்குத் தேடுறது அக்கா?"

நேற்றும் தேடினா. இன்றைக்கும் தேடுகிறா. இதை எழுதும்போதே குளத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அந்தத் தடிச் சத்தம் கேட்கிறது. குசினிக்குள் போனாலும் கேட்கிறது.

எனக்கு ஒரு முடிவும் எடுக்கத் தெரியவில்லை. இரண்டாவது படத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

கௌசலா


ஹூஸ்டன்
04.08.2025

அக்கா,

அந்தப் படத்தை எரித்துவிடுங்கள்.

பிழை என்னுடையது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிழையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, இனியும் கண்டுபிடிக்கமாட்டார்கள். யதுவின் கலியாணத்தை நினையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு றிஸ்வானின் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது?

எனக்கும் என்ன இருக்கிறது? போன கிழமை ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கே எந்த நாட்டுக்காரன் கேட்டாலும், "எங்கட அப்பா தனியாளாகக் காடு வெட்டிக் காணி ஆக்கினவர்" என்று சொல்லித்தான் நான் நிமிர்ந்து நின்றேன். பட்டறையில் என் மேசையில் நான் முதல் அச்சடித்த அந்தப் படத்தைத்தான் ஒட்டியிருந்தேன். இப்போது அதைப் பார்த்தால் அப்பா கிணற்றுக்குள் இறங்குகிறார். ஏன் எனக்குச் சொன்னீர்கள்? காடு இருந்தது என்று ஒரு வரி பொய் எழுதியிருக்கக்கூடாதா?

செத்த மனிசனைக் கள்ளனாக்கவேண்டாம். நீங்கள் அதை அவர்களிடம் கொடுத்தால் எனக்கு இனி எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன். உண்மையாகச் சொல்கிறேன்.

கிருசாந்தன்


தண்ணீரூற்று
31.08.2025

அன்புள்ள தம்பி கிருசாந்தனுக்கு,

எழுதவேண்டாம் என்று நீ சொன்னபிறகும் எழுதுகிறேன். நீ மட்டும்தான் சொல்கேளாதவன் என்று நினைத்தாயா?

வேலை போன செய்தி கேட்டு மனம் பதைத்தது. நாட்டுக்கு வரவேண்டி வந்தால் வா. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

படத்தைக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று உண்மையில் எரிக்கத்தான் எடுத்தேன். நெருப்புப்பெட்டியும் கையில் இருந்தது. அப்போது வெளியில் றிஸ்வான் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் பாத்தும்மா பற்றைக்குள் ஒரு பள்ளத்தில் கால் வைத்து விழுந்திருந்தா. முறியவில்லை, கணுக்கால் வீங்கியிருந்தது. கிணறாக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினாவாம். பெரிய நரிவளை, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் இருத்தினோம். தண்ணீர் கேட்டா. நான் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தா.

"இந்தத் தண்ணியில எண்ட கிணத்து உப்பு இருக்கு மகள்" என்றா. பிறகு தானே தலையை ஆட்டி, "பாத்தியே, இப்ப நாக்கும் பிசகிப்போச்சு" என்று சிரித்தா.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை தம்பி. உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து அவாவின் மடியில் வைத்தேன். முதல் படம் தலைகீழ், நிழலைப் பாருங்கோ என்று நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். கிணற்றைப் பற்றியும் சொன்னேன், சீமெந்து குழைத்தது வரை. றிஸ்வான் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் எழும்பி வேலியடியில் போய் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பாத்தும்மா அப்பாவை ஒரு சொல் ஏசவில்லை. படத்தை மட்டும் தடவித் தடவிப் பார்த்தா.

"அப்ப எனக்குப் பிசகேல்ல" என்றா. "றிஸ்வான், உம்மாவுக்குப் பிசகேல்ல மகன்."

மூன்று தரம் சொன்னா. பிறகு அழுதா. நானும் அழுதேன். அப்பாவின் செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போய் என் விண்ணப்பத்தை மீளப்பெற்றுக்கொண்டு, இரண்டாவது படத்தையும் கொடுத்து எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதிகாரி இரண்டு படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வராட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அப்பாவின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. விண்ணப்பத்தில் "நாங்கள் திருத்திய வயல்" என்று இருந்ததை, இந்தக் கடிதத்தில் "நாங்கள் இருந்த வயல்" என்று எழுதினேன். அவர் கள்ளன் இல்லை கிருசா. பயந்த மனிசன். பயம் போனபிறகு சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சதீஸின் தாய் யோசித்துச் சொல்கிறோம் என்று ஆள் அனுப்பினா. மறுநாள் காலை யது சதீஸுக்குத் தானே போன் எடுத்து, "உங்கட அம்மா யோசிக்கட்டும், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தானே.

சிறுபோகம் அறுத்து முடிந்தது. விதைத்தது நீங்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்று றிஸ்வான் முகத்தைப் பாராமல் சொன்னான். வீட்டில் இருக்கலாம், எழும்பவேண்டாம் என்று பாத்தும்மா மூன்று முறை ஆள்விட்டுச் சொன்னா. எனக்கு வராது தம்பி. இத்தனை வருடம் கேளாமல் இருந்தவள் இனிக் கேட்டு இருக்கமாட்டேன். நாளைக்குத் தகரங்களைக் கழற்றுகிறோம். சாமான் ஏற்ற உழவு மெசின் பெட்டி ஒன்று பேசியிருக்கிறேன்.

நீ சொன்னதைச் செய்யாதவன் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எழுதினாயானால் பழைய விலாசத்துக்கு எழுதாதே, கடிதம் பாத்தும்மா கைக்குத்தான் போகும். யதுவின் அப்பாவுடைய தங்கை அழகம்மாவின் வளவில் ஓரமாக ஒரு கொட்டில் போடுகிறோம். இதுதான் விலாசம்:

செ. கௌசலா,
மேற்பார்வை அழகம்மா,
வாய்க்கால் வீதி,
வட்டக்கச்சி,
கிளிநொச்சி.